பழைய நாகசுரம் வாங்கப் போனோம்

சென்ற மாசியில் ஒரு நாகசுரத்துக்காக அலைந்தோம். எங்கள் மாலைநேரப் பயிற்சி மையத்துக்கு வரும் பையன் ஒருவன் அரசு இசைப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அப்பா பறையடிப்பவர். பள்ளிக் கருவியை வகுப்பு நேரத்தில் மட்டும்தான் தொட முடியும். வீட்டில் சாதகம் செய்யக் கருவி இல்லை.

புதியது வாங்கப் பணம் சேரவில்லை. "பழசே பாருங்க, நல்ல ஆச்சா மரம் நாளாக ஆகத்தான் கெட்டிப்படும்" என்றார் அவனுடைய ஆசிரியர். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கன்பேட்டை நாகசுரத்துக்கும் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைத்தான் விரும்பித் தேடுகிறார்கள்.

முதலில் போனது, தலைமுறைகளாக வாசித்த ஒரு குடும்பத்தின் வீடு. போனிலேயே விலை பேசி முடித்திருந்தோம். பெரியவர் கருவியை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். தம்பி கையை நீட்டினான்.

"எந்த ஊரு தம்பி?"

சொன்னான்.

"ஊர்லயா, தெருவுலயா?"

"காலனிங்க ஐயா."

கருவி உறைக்குள் போய்விட்டது. "எங்கப்பா வாய் வச்சு ஊதினது. கொடுக்க மனசு வரலம்மா."

தோழர்களே, ஓபோவைப் போல நாகசுரமும் இரட்டை நாணல் கருவி. உதடு படுவது சீவாளியில் மட்டும்தான். அது ஆளுக்கு ஆள் தனி. தம்பி தன் சீவாளியைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அவருக்கும் இது தெரியும்.

இதே கலைஞர்களை மேல்சட்டையோடு நின்று வாசிக்க விடாத காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பணியாமல் சட்டையும் கிராப்புமாக மேடையேறியவர் டி.என்.ராஜரத்தினம். அந்த அவமானத்தை அறிந்த திண்ணையில்தான் எங்களுக்கு இது நடந்தது. 'படிநிலைச் சமத்துவமின்மை' என்ற அம்பேத்கரின் சொல்லை எம்.ஏ. சமூகவியலில் பத்து மதிப்பெண் கேள்விக்காகப் படித்தேன். அன்றுதான் அது எனக்குப் புரிந்தது.

திரும்பும் பேருந்தில் தம்பி பேசவில்லை. இறங்கும்போது கேட்டான்: "அக்கா, வேற எங்க கிடைக்கும்?"

அடுத்த வாரம், நையாண்டி மேளத்தில் வாசித்து ஓய்ந்த ஒரு கலைஞரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கட்டை வேணும்?" பள்ளியில் இரண்டரைக் கட்டை. அவரிடமும் அதுவே இருந்தது. அணசைக் கழற்றி, உலவை வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். துளை நேராக இருக்க வேண்டும். வெளியே நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மயிரிழை விரிசல் இருந்தாலும் நகம் தட்டும். விரல் துளைகளின் விளிம்பு தேய்ந்திருக்கக் கூடாது. கீழ்த் துளைகளில் மெழுகு உதிர்ந்திருந்தால் பயமில்லை, மறுபடி அடைத்துச் சுருதி சேர்க்கலாம். "எல்லாத்துக்கும் மேல, ஊதிப் பாரு. அரை மணி நேரம் ஊது. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

4,500 ரூபாய். கெண்டையும் உறையும் சேர்த்து.

மாணவர்களுக்குக் கருவி வாங்கித் தர நினைக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்களே வாங்கி வந்து மேடையில் கொடுக்காதீர்கள். பிள்ளையை அழைத்துப் போங்கள். வாசித்துப் பார்த்து அவனே தேர்ந்தெடுக்கட்டும். பெரியவரின் கேள்வி போன்றதை எதிர்கொள்ள நேர்ந்தால், அவன் தனியாக நிற்க வேண்டாம்.

இப்போது விடியற்காலையில் காலனியில் சரளி வரிசை கேட்கிறது. தூக்கம் போகிறதென்று பக்கத்து வீட்டு அத்தை திட்டுகிறார். சாவு வீட்டுக்கு மட்டுமே பறையோடு அழைக்கப்பட்ட அவன் அப்பா, வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.