தூதுவளைக்கு ஒரு வேலி வேணும்

தோட்டவெளியில நாங்கள் தூதுவளையை நட்டு வளர்த்ததில்லை. குருவி பழத்தைத் தின்றுவிட்டு வேலியில வந்து இருக்கும். எச்சத்தோட விதை விழும். மாரி மழைக்கு அது முளைக்கும்.

ஆனால் தூதுவளைக்குத் தனிய நிமிர்ந்து நிக்க ஏலாது. அவரை மாதிரிச் சுற்றிக்கொள்ளாது, பாகல் மாதிரிச் சுருள் விட்டுப் பிடிக்காது. அதிட்ட இருக்கிறது வளைந்த முள் மட்டும்தான். தண்டு, காம்பு, இலையின் அடிநரம்பு எல்லாத்திலும் முள். அதைக் கிளுவையில கொளுவிக் கொளுவித்தான் மேல ஏறும்.

முள்ளுச்செடி எல்லாத்தையும் சாப்பிடலாம் எண்டு நினைக்க வேண்டாம். மஞ்சள் பூ பூக்கும் பிரமதண்டு நஞ்சு. 1998இல் டில்லியில் அதன் விதையெண்ணெய் கடுகெண்ணெயில் கலந்து பலர் இறந்தார்கள். கண்டங்கத்தரிக்கும் தூதுவளை மாதிரியே ஊதாப் பூத்தான். ஆனால் அது நிலத்தோட படரும், முள் நேராக இருக்கும், பழம் மஞ்சளாகப் பழுக்கும். தூதுவளைப் பழம் சிவப்பு. மூன்றுமே கொடி, செடி என்று வேறு வேறாக வளர்ந்தாலும், தூதுவளையும் கண்டங்கத்தரியும் கத்தரிக்காயின் சொந்தக்காரர்.

இலையைக் கிள்ளி, நரம்பில இருக்கிற முள்ளை எடுத்துவிட்டு, நல்லெண்ணெயில வதக்க வேணும். மிளகு, நற்சீரகம், உள்ளி தட்டிப் போட்டால் ரசம். தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் சேர்த்து அரைத்தால் சம்பல். தடிமன், இருமல் வந்தால் வீட்டில முதல் தேடுறது இதைத்தான்.

வேலியில படர்ந்த தூதுவளைக்குச் சொந்தக்காரர் இல்லை. வேர் எங்கட வளவில இருக்கும், கொழுந்து பக்கத்து வீட்டுப் பக்கம் போயிருக்கும். அவை அங்கால ஆய்வினம், நாங்கள் இங்கால ஆய்வோம். ஒருத்தரும் கேட்டு ஆய்ஞ்சதில்லை.

இப்ப வேலிகள் மதிலாகுது. அதில பிழை சொல்ல ஏலாது. கிளுவையை வருசாவருசம் வெட்ட வேணும், ஓலை உக்கிப்போகும். இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனத்துக்கு மதில் ஒரு உறுதி. ஆனால் பூசின மதிலில தூதுவளை முள்ளுக்குக் கொளுவ இடமில்லை. நிலத்தில சரிஞ்சு கிடந்தால் முள்ளுப் பத்தை எண்டு வெட்டி எரிக்கிறம். பிறகு இருமலுக்குக் கடையில தூதுவளைத் தூள் பைக்கற்றில வாங்குறம்.

மதில் கட்டினாலும் கிணற்றடிப் பக்கம் கொஞ்ச இடம் மிஞ்சும். மாரி தொடங்க அங்க நாலு கிளுவைத் தடி ஊன்றுங்கோ. குருவி வர நாள் எடுத்தால், தெரிஞ்ச வீட்டில முற்றின தண்டு ஒன்று வாங்கி நட்டாலும் வேர் விடும்.