செம்பனைக்கு நடுவே நாலடிக் கடல்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் போகிறவர்கள் இப்போது நெடுஞ்சாலையைப் பிடித்து நேராகக் கடற்கரையில் போய் இறங்கிவிடுகிறார்கள். எனக்கு ரந்தாவ், சிலியாவ் பக்கம் சுற்றிப் போகும் பழைய பாதைதான் பிடிக்கும். ரந்தாவைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை. நடுநடுவே ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகை, பால்மரக் காலத்து லயத்து வீடுகள். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891-இல் ரயில் ஓடத் தொடங்கியது. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட தண்டவாளத்தில் பிறகு ரப்பரும் போயிற்று. இன்று அந்தப் பாதையில் ரயில் இல்லை.

இந்தத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். தீபாவளிக்கு மறுநாள், பள்ளி விடுமுறை, யாராவது சொந்தக்காரர் ஈப்போவிலிருந்து வந்துவிட்டால், உடனே புளிசாதமும் கோழிப் பிரட்டலும் கட்டிக்கொண்டு தெலுக் கெமாங் கிளம்பிவிடுவார்கள். ஆனால் தோட்டத்துக்குள் நின்றால் கடலின் சத்தம்கூடக் கேட்காது. அப்படிப்பட்ட ஒரு தோட்டத்து வீட்டின் முன்னறையில் நான்கு அடி நீளத்தில் உப்புநீர் நிற்கிறது. அதில் கோமாளி மீன்கள் சுற்றுகின்றன.

பொழுதுபோக்குகளைப் பற்றிய ஒரு வானொலி உரையாடலில் அழைத்த நேயர் அவர். "என்ன வளர்க்கிறீங்கண்ணே?" என்று கேட்டேன். "கடல் வளர்க்கிறேன் தங்கச்சி" என்றார். பெயரும் தோட்டத்தின் பெயரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே எழுதுகிறேன். வயது ஐம்பத்தொன்பது. இளவயதில் பால் ஸ்டோரில் வேலை. தோட்டம் செம்பனைக்கு மாறியபின் பம்ப் வீடும் ஜெனரேட்டரும் அவர் பொறுப்பு.

உப்புநீர் மீன்தொட்டி என்றாலே பணக்காரர் விளையாட்டு என்று நினைக்கிறோம். கோலாலம்பூர் கடைகளில் விலைச்சீட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அண்ணனின் தொட்டியில் கடையில் வாங்கியவை கண்ணாடி, நீர் மோட்டார், விளக்கு, காற்றுப் பம்ப், சிலிகான் பசை மட்டுமே. மற்றதெல்லாம் பிவிசி குழாய், மினரல் வாட்டர் போத்தல், எண்ணெய் டின், பழைய கணினியின் விசிறி.

முதலில் எனக்குக் காட்டியது நுரைக் குழாயை. மூன்று அங்குல பிவிசி குழாய் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அதன் அடியில் மரத்துண்டு வழியாகக் காற்று சன்னமான குமிழிகளாக மேலே வருகிறது. மீனின் கழிவிலும் மிச்ச உணவிலும் உள்ள புரதமும் கொழுப்பும் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி, தலைகீழாகச் செருகிய போத்தலின் கழுத்து வழியாக வழிந்து ஒரு கிண்ணத்தில் விழுகின்றன. நன்னீரில் இந்த வேலை சரியாக நடக்காது. அங்கே குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்புநீரில் அவை சேராமல் பொடிப்பொடியாகவே நிற்கும். கிண்ணத்தில் சேர்ந்திருந்தது கோப்பி ஓ நிறத்தில் இருந்தது. மோந்து பார்க்கச் சொன்னார். வேண்டாம், நீங்களும் பார்க்காதீர்கள்.

எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது மெட்ரோலாக் கதை. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். மரம் வெட்டுகிறவர்கள் வாளியில் கொண்டுவரும் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்க்க ஸ்டோரில் மிதக்கவிடும் கருவி அது. ரப்பர் தண்ணீரைவிட இலேசு. ஆகவே பால் கெட்டியாக இருந்தால் கருவி ஆழமாக இறங்கும். தண்ணீர் கலந்த பாலில் உயர்ந்து நிற்கும். "எவன் வாளியில ஆத்துத் தண்ணி இருக்குன்னு அது காட்டிக் குடுத்துரும்" என்று அண்ணன் சிரிக்கிறார். கடல்நீரின் உப்பை அளக்கும் மிதவையும் இதே குடும்பம்தான், கணக்கு மட்டும் தலைகீழ்: உப்பு கூடினால் மிதவை உயரும். மீன் கடையில் அந்த மிதவையைக் கையில் கொடுத்தபோது விளக்கமே தேவைப்படவில்லையாம்.

திறந்த கடலில் ஆயிரம் பங்கு நீரில் சுமார் 35 பங்கு உப்பு. மிதவையில் அது 1.026. மலாக்கா நீரிணை குறுகலானது, இரு கரையிலிருந்தும் ஆறுகள் வந்து விழுகின்றன. அதனால் நம் பக்கக் கடலில் உப்பு அதைவிடக் குறைவு. பெருமழைக்குப் பின் இன்னும் குறையும். அதனால் அண்ணன் மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, நீர் ஏறி நிற்கும் நேரம் பார்த்து, லுக்குட், லிங்கி ஆற்று வாய்களையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கும் பக்கத்தையும் விட்டு விலகிப் போய் நீர் எடுக்கிறார். நான்கு டின், ஒவ்வொன்றும் 20 லிட்டர். வீட்டுக்கு வந்ததும் மூடிபோட்ட கறுப்புத் தோம்பில் ஊற்றி, சில வாரம் இருட்டில் விட்டுவிடுகிறார். மிதப்பவை செத்து அடியில் படிந்துவிடும். மேல்நீரைத் துணியில் வடிகட்டி, குறையும் உப்புக்குக் கடைக் கடலுப்புப் பொடியைக் கலந்தால் தொட்டிக்கான நீர் தயார். சமையல் உப்பு இதற்கு ஆகாது. அதில் கால்சியமும் மக்னீசியமும் இல்லை. ஆனால் ஒளிவிலகல் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கச் சமையல் உப்பு போதும்: 36.5 கிராம் உப்பை 963.5 கிராம் தூய நீரில் கரைத்தால் கருவி 35 என்று காட்ட வேண்டும்.

ஒரு காலை நானும் கூடப் போனேன். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் தெரியும் தூரம். போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கிய அந்த விளக்கு நிற்கும் முனை, நெகிரி செம்பிலான் கரையில் இருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். மார்ச் மாதம் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் பருந்துகளைப் பார்க்க அங்கே கூட்டம் கூடும். நாங்கள் போனபோது யாரும் இல்லை. இடுப்பளவு நீரில் டின்னைச் சாய்த்துப் பிடித்திருந்த அண்ணனைப் பார்த்து, கரையில் நடைப்பயிற்சி செய்த ஒரு மலாய்க்காரப் பெரியவர், கடலைத் திருடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். நீரைத் தவிர அண்ணன் அங்கிருந்து எதையும் எடுப்பதில்லை. மீன்வளத் துறையின் அனுமதியில்லாமல் பவளத்தை உடைத்து எடுப்பது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், போர்ட்டிக்சன் பக்கம் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பவளத்தையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவது என்ன பொழுதுபோக்கு?

அதனால் பாறையையும் அவரே செய்கிறார். சாப்பாட்டுக் கடைகளில் கொட்டும் கெராங் ஓட்டைக் கழுவி, நொறுக்கி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு சிமெண்ட், அதோடு கைநிறையக் கல்லுப்பு. கட்டியாக்கிக் காயவிட்டு நீரில் போட்டால் உப்பு கரைந்து துளைகள் மிஞ்சும். சிமெண்டின் காரம் இறங்கும்வரை, இரண்டு மாதம் போல, நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் மீன் செத்துப்போகும்.

துளைகள் எதற்கு? பாக்டீரியா குடியிருக்க. இங்கேயும் பால் ஸ்டோர் வந்துவிடுகிறது. பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள். கண் எரியும் அந்த வாடையை அண்ணன் இன்னும் மறக்கவில்லை. மீன் வெளியேற்றுவதும் அமோனியாதான், மீனையே கொல்வதும் அதுதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது அவ்வளவு மோசமில்லை. இந்த இரண்டு கூட்டமும் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் ஒரு இறாலைப் போட்டு அழுகவிட்டு, மீனே இல்லாமல் காத்திருக்க வேண்டும். மிஞ்சும் நைட்ரேட்டைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் இரண்டடிக் கண்ணாடிப் பெட்டியில் வளரும் கடற்பாசி தின்கிறது. மேலே விளக்கு அணையும்போது கீழே பாசிக்கு விளக்கு எரியும். இரவில் நீரின் காரத்தன்மை அதிகம் இறங்காமல் அது பார்த்துக்கொள்ளும்.

உயிருள்ள பாறையை நம்பிக் கடல்மீன் வளர்க்கும் வழியை உலகுக்குச் சொன்னவர் நம் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஜக்கார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், 1961-இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார்: கடல்நீர், உயிர்கள் ஒட்டிய பாறை, வெளிச்சம், மெல்லக் குமிழிவிடும் ஒரு காற்றுக் குழாய். மேற்கில் பலர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வெளுத்த பவள ஓட்டை அலங்காரமாக வைத்து மீன்களைச் சாகடித்துக்கொண்டிருந்த காலம் அது. நம் தமிழருக்கும் இதில் பழைய உறவு உண்டு. சென்னை மெரினாவில் 1909-இலேயே கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். யோசனை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனுடையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது போய்விட்டது. ரப்பர் விலை ஏறி, நம் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பலேறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அவர்களில் யாராவது காசு கொடுத்து அந்த மீன்களைப் பார்த்திருப்பார்களா என்று யோசித்தேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களுக்கு அதற்கு வாய்ப்பே இல்லை.

வீட்டில் செய்த கருவிகளில் ஆபத்தும் இருக்கிறது. மின்சாரம் நின்றால், மோட்டாரிலிருந்து மேலே போகும் குழாய் வழியாகவே நீர் திரும்பி இறங்கி வீட்டை நனைக்கும். அதற்காக நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை. நீர் கொஞ்சம் இறங்கியதும் துளை காற்றை உறிஞ்சி ஓட்டத்தை அறுத்துவிடும். ஒவ்வொரு மின்கம்பியும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்துதான் மேலே ஏறுகிறது, வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்படி. பித்தளைக் குழாயோ செம்போ நீரைத் தொடவே கூடாது. செம்பு கரைந்தால் இறாலும் நண்டும் பிழைக்காது. வெயில் நேரத்தில் இரண்டு கணினி விசிறிகள் நீரின் மேல் வீசுகின்றன. நம் காற்றில் ஈரம் அதிகம், ஆனாலும் இரண்டு டிகிரி இறங்குகிறது. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். ஆகவே தினமும் மூன்று லிட்டர் நன்னீர் ஊற்றியாக வேண்டும். ஊருக்குப் போனால் அது அக்காவின் வேலை.

அக்காவுக்கு இந்தத் தொட்டியின்மேல் புகார் உண்டு, மின்கட்டணம். பாசமும் உண்டு. கோமாளி மீன் ஜோடியில் பெரியது பெண். அது செத்துப்போனால் ஆண் மீனே பெண்ணாக மாறும். மண்சட்டி ஓட்டில் முட்டையிட்டால் காவல் இருந்து துடுப்பால் விசிறுவது ஆண்தான். "இதைப் பார்த்தாச்சும் கத்துக்கிறாரான்னு பார்க்கிறேன்" என்கிறார். முட்டைகள் பொரிகின்றன, ஆனால் குஞ்சுகள் ஒரு வாரம் தாண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர் என்ற உயிரைத் தனியாக வளர்த்து ஊட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் கோமாளி மீன் குஞ்சு வளர்ப்பில் வேலை செய்திருக்கிறது என்று சொன்னேன். உடனே தாளை எடுத்து ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டார்.

எழுதிக்கொண்டாலும், அந்தத் தாளுக்கு இந்த வீட்டில் நேரம் கிடைக்குமா தெரியாது. அடுத்த வருடம் அறுபது. வீடு தோட்டத்துடையது, வேலை முடிந்தால் சாவியைக் கொடுக்க வேண்டும். சிரம்பானில் மகன் வாடகைக்கு இருப்பது நான்காவது மாடியில். தண்ணீரும் கல்லும் மணலும் தாங்கியுமாக இந்தத் தொட்டி முந்நூறு கிலோவுக்குக் குறையாது. மகன் மறுக்கவில்லை. அக்காதான் சொன்னார், "அங்க கூடத்துல பாய் விரிச்சாலே நடக்க இடமில்ல."

கடையில் விற்றுவிடலாமே என்று கேட்டேன். மீனை வாங்க ஆள் இருக்கிறது. சிமெண்ட் பாறையைச் சீண்ட ஆளில்லை. ஆனால் பதினோரு வருடமாகக் கூட்டம் பெருகி நிற்பது அந்தப் பாறையில்தான். ஒரு நாள் காய்ந்தால் அத்தனையும் சாகும். மறுபடி இறாலை அழுகவிட்டுத் தொடங்க வேண்டும்.

அதனால் பின்வாசலில் இப்போதே வேலை ஆரம்பித்துவிட்டது. இரண்டடித் தொட்டி ஒன்று ஒட்டிக் காய்கிறது. பழைய பாறைகளில் நான்கை ஏற்கெனவே கீழ்ப்பெட்டிக்கு மாற்றி, அவ்வளவு பாறைக்கு எத்தனை மீன் தாங்கும் என்று வாரம் இருமுறை சோதனைத் துளி விட்டுப் பார்க்கிறார். குடிபோகும் நாளில் பாறைகள் நீரிலேயே மூழ்கித் தோம்பில் போகும், கார் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்போடு. மீன்கள் கடைசியாக ஏறும். நான்காவது மாடிக்குக் கடல்நீர் தூக்க மின்தூக்கி வேலை செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கையில் இல்லை.

கிளம்பும்போது கார் வரைக்கும் வந்தார். வானொலி நிலையத்தில் பழைய கணினிகளைக் கழிப்பார்களா என்று கேட்டார். கழித்தால் விசிறி இரண்டு வேண்டுமாம். 12 வோல்ட்தான், அதைவிடக் குறைந்தது வேண்டாம். கம்பியை ஒட்ட வெட்டிவிடாமல் நீளமாக விட்டுக் கழற்றச் சொல்ல வேண்டுமாம்.