நாகைத் துறை

கடாரம் என்னும் பெயரைக் கேட்டதும் தமிழ் மாணவரின் முகம் மலர்கிறது. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கப்பற்படை அலைகடல் கடந்து கடாரம் கொண்ட செய்தியைத் தேர்வுத்தாளில் எழுதாதார் அரியர். ஆனால், தம் பாட்டனார் எந்தத் துறையில் கப்பலேறினார் என்று வினவினால் அவர்களுள் பலர் விடையறியாது விழிப்பர். அவ்விடை பெரும்பாலும் சென்னையாக இருக்கும். அன்றேல் நாகப்பட்டினமாக இருக்கும்.

சோழர் காலத்து நாகை கீழைக்கடல் நோக்கித் திறந்திருந்த வாயில். கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் அங்கே பௌத்த விகாரம் ஒன்றை எழுப்பினான். சைவனாகிய இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக ஈந்தான். அக்கொடையைக் கூறும் 21 செப்பேடுகள் பின்னாளில் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்து, அந்நகரின் பெயராலேயே வழங்கலாயின. வேந்தர், அதிகாரிகள், ஊரார் என எத்தனை பெயர்கள் அவ்வேடுகளில்!

1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகையைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே தஞ்சைத் தரணியைக் கொடும் பஞ்சம் பற்றியது. பசியால் வாடியோர் தம்மையும் தம் மக்களையும் விற்றனர். ஒல்லாந்தக் கம்பெனியார் அவர்களை ஆயிரக்கணக்கில் வாங்கி, இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும் அடிமைகளாக ஏற்றினர். கடாரத்திற்குப் படை சென்ற அதே கடல்வழிதான்! செப்பேட்டில் பெயர் பொறித்த மண்ணில், இவர்களுக்குக் கணக்கேட்டில் தலையெண்ணிக்கைதான் மிஞ்சியது.

1781-இல் நாகை ஆங்கிலேயர் வசமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, பின்னர்க் காப்பித் தோட்டங்களுக்கு, அதன்பின் இரப்பருக்கு. முதலில் முறிச்சீட்டு என்னும் ஒப்பந்தக் கூலிமுறை. 1910-இல் அது ஒழிக்கப்பட்டபின் கங்காணி முறையே மேலோங்கியது. கங்காணி தன் ஊருக்கே சென்று, தன் உறவினரையே தலைக்கு இவ்வளவு எனக் கூலி பெற்று அழைத்து வந்தான். உறவுமுறையே வணிகமான கதை இது. இதனை எழுதியோர் சிலரே.

நாகையிலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் அவர்களைத் தங்கவைத்து, உடல்நலம் சோதித்துப் பின்னரே கப்பலேற்றினர். பெருங்கப்பல் கரையை அணுகுதற்கேற்ற ஆழம் நாகையில் இல்லை. தொலைவில் நங்கூரமிட்ட கப்பலுக்குப் படகுகளில் சென்றே ஏறவேண்டும். கடலையே கண்டிராத உழவர் குடும்பங்கள் அப்படகுகளில் எத்துணை அஞ்சியிருக்கும்! முன்னே சென்றோர், சோழர்கால விகாரத்தின் கோபுரம் கரையில் மறைவதைக் கண்டிருக்கக்கூடும். மாலுமிகளுக்குக் கடலடையாளமாய் நின்ற அக்கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. தாம் போகும் நாட்டு அரசன் எடுப்பித்தது அது என்று அவர்களுக்கு எடுத்துரைப்பார் யார்?

மறுகரையில் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாம் காத்திருந்தது. அதைக் கடந்தால் தோட்டத்து லயன் வீடு.

1938-இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடுத்தது. அதன்பின் நாகை வழியே சென்றவர் பெரும்பாலும் வணிகரும், ஊர் சென்று மீளும் உறவினருமே. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' 1973 வரை ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தோர் கதை இல்லாத குடும்பம் குறைவு. பின்வந்த 'சிதம்பரம்' கப்பல், 1985 பிப்ரவரியில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் தீப்பிடித்தது. அதனோடு அக்கப்பற் பயணமும் நின்றது.