கை காட்டுபவர் ஒருவரே

நாளெல்லாம் ரயில்வே காரியாலயத்தில் உழைத்துவிட்டு வீடு திரும்பும் ஒருவன், இரவிலும் பொம்மை ரயிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் காண்பவர் நகைப்பது இயல்பே. என் மனைவியும் நகைத்தாள். ஆயினும், அண்மையில் ஒரு பொம்மைக் கிரேனைப் பழுது பார்த்தபோது நான் அறிந்துகொண்ட சில செய்திகளை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லன். யந்திர சாஸ்திரம் கற்றவனும் அல்லன். ஆகவே கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

நாகபுரியில் எங்கள் குடியிருப்பில் வசித்த வங்காளி அதிகாரி ஒருவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பும்போது, குழந்தைகளுக்கு ஆகும் என்று ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்துச் சென்றார். அதனுள் இருந்தது அவர் ஜெர்மனியில் வாங்கிய கிரேன் வண்டி. அளவில் உண்மை வண்டியில் 87-ல் ஒரு பங்கு. அது ஓடும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். மேடை சுழல்வதற்கு ஒன்று, தூக்குக்கை ஏறி இறங்குவதற்கு ஒன்று, கொக்கிக்கு ஒன்று என மூன்று சிறு மோட்டார்கள் அதில் உண்டு. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தமையால், மின்சாரம் கொடுத்தால் முனகியதேயன்றி அசையவில்லை.

முனகுகின்ற மோட்டார் செத்த மோட்டார் அன்று. மின்சாரம் உள்ளே சேர்கிறது, ஆனால் ஏதோ ஒன்று சுழலவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். அந்நிலையில் மின்சாரத்தை உடனே நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். மேல்மூடியைக் கழற்றினேன். ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய திருகுகளை இட்லித்தட்டின் குழிகளில் வரிசையாக இட்டு வைத்தேன். கடுகினும் சிறிய திருகுகளுக்கு அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது.

குற்றம் இரண்டு இடங்களில் இருந்தது. பழைய எண்ணெய் பிசின்போல் இறுகிப் பல்சக்கரங்களைக் கவ்வியிருந்தது. அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து, உலரவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெயை ஊசிமுனையால் அச்சுக்கு ஒரு துளி வீதம் வைத்தேன். எண்ணெய் மிகுந்தால் தூசியைச் சேர்க்கும். அடுத்து, கொக்கியின் நூல் உருளையை விட்டு நழுவி அச்சில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை வெட்டியெடுத்துப் புதுநூல் கோத்தேன். மீன்பிடிக்கும் நைலான் இழை இதற்கு ஆகாது. சுருண்ட சுருள் மாறாமல் நின்று, எடையற்ற கொக்கியை நேராகத் தொங்கவிடாது. பின்னிய மெல்லிய நூலே உகந்தது. கொக்கி முற்றிலும் இறங்கிய நிலையிலும் உருளையில் மூன்று சுற்று நூல் எஞ்சியிருக்க வேண்டும். கொக்கி தரையைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்த வேண்டும். நூல் தளர்ந்தால் மறுபடியும் நழுவும்.

மறுநாள் இரவு கிரேன் அசைந்தது. அப்போதுதான் அதன் நுட்பம் எனக்கு விளங்கிற்று. மோட்டாரின் தண்டில் திருகுபோல் ஒரு புரி வெட்டியிருக்கிறது. அது ஒரு முறை சுற்றினால் பல்சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். 40 பல் கொண்ட சக்கரமானால், மோட்டார் 40 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும். வேகத்தை இழந்து வலிமையைப் பெறுகிறது. மேலும், புரி சக்கரத்தைத் தள்ளுமேயன்றிச் சக்கரத்தால் புரியைத் தள்ள இயலாது. அதனால் மின்சாரம் நின்றாலும் சுமை அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

எவ்வளவு தூக்கலாம் என்பது கொக்கி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 10 சென்டிமீட்டர் தூரத்தில் 100 கிராம் எப்படிக் கிரேனைக் கவிழ்க்கப் பார்க்குமோ, அப்படியே 20 சென்டிமீட்டர் தூரத்தில் 50 கிராம் கவிழ்க்கப் பார்க்கும். எனவேதான் பெரிய கிரேன்களும் பக்கவாட்டில் கால்களை நீட்டி, அவற்றின் கீழ் கட்டைகளை அடுக்கி ஊன்றிக்கொண்டே பாரம் தூக்குகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் கார்லைல், இப்ஸ்விச் முதலிய ஊர்களின் தொழிற்சாலைகளிலிருந்து நீராவிக் கிரேன்கள் நம் நாட்டுக்கு வந்தன. பின்னர், 1862-ல் தொடங்கிய ஜமால்பூர்ப் பட்டறையிலேயே 140 டன் டீசல் கிரேன்கள் உருவாயின. 87-ஐ மும்முறை பெருக்கினால் 6,58,503. அக்கணக்கில் 140 டன் என்பது பொம்மையுலகில் சுமார் 213 கிராம்.

இத்தகைய கிரேனோடு எங்கள் குடும்பத்துக்கு உறவு உண்டு. என் தகப்பனார் ஈரோட்டில் விபத்து மீட்பு ரயிலில் கலாசியாக இருந்தவர். சங்கு ஊதினால் உண்ணும் சோற்றை விட்டு எழுவார். கிரேன் ரயில் பகலில் 30 நிமிடத்துக்குள்ளும் இரவில் 45 நிமிடத்துக்குள்ளும் புறப்பட்டாக வேண்டும் என்பது விதி. திரும்புவது நாளையோ மறுநாளோ, யார் அறிவார்? அங்கே கண்டதையும் செய்ததையும் வீட்டில் அவர் சொன்னதில்லை. இன்று என் மேஜைக்கு வரும் கோப்புகளில் கிரேன் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், பாதை சீரான நேரம் எல்லாம் நிமிடக் கணக்கில் உண்டு; கலாசியின் பெயரை எழுத ஒரு கட்டம் இல்லை. அப்பா மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் எங்களோடு நாகபுரிக்கு வந்த அம்மாவுக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. அவர் பேச்சே குறைந்துபோயிற்று.

ஞாயிறன்று குழந்தைகள் இருவரும் கிரேனை ஓட்டினர். மகன் விசையைப் பிடித்திருக்க, மகள் "தூக்கு" என்பாள், அவனோ "இறக்கு" என்பான். கொக்கியில் தொங்கிய வாகனம் ஊசலாடிற்று. மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்து வந்தார்.

"ஆளுக்கொண்ணு சொன்னா அது யாரு பேச்சைக் கேக்கும், கண்ணு? கை காட்டறவங்க ஒருத்தர்தான் இருக்கோணும். உங்க தாத்தா அப்படித்தான் சொல்லுவாரு."

சொன்னதோடு நில்லாமல் காட்டவும் செய்தார். கையை உயர்த்திச் சுட்டுவிரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்கு. கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்கு. கையை நீட்டி, உள்ளங்கையைத் தரைநோக்கி வீசினால் நிறுத்து. "நிறுத்துன்னு மட்டும் யாரு காட்டினாலும் நிறுத்திப்போடோணும்," என்றார்.

இதையெல்லாம் அவர் எங்கே கற்றார்? சோறு பரிமாறுகையில். இரண்டு நாள் இரைச்சலிலும் புழுதியிலும் கத்தித் தொண்டை கட்டி வரும் அப்பா, ரசம் வேண்டுமானால் விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றுவாராம். போதுமானால் உள்ளங்கையை வீசுவாராம். சொல்லிவிட்டு அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. மகள் ஐஸ்கிரீம் குச்சிகளைக் கிரேனின் கால்களின் கீழ் அடுக்கினாள். மகன் அப்பத்தாவின் கையை மட்டுமே பார்த்தான். சாய்ந்து கிடந்த வாகனம் எழுந்து, திரும்பி, தண்டவாளத்துக்கு மேல் வந்து நின்றது. கடைசி இரண்டு மில்லிமீட்டர் இறங்குவதற்கு அம்மா மூன்று முறை நிறுத்தச் சொன்னார். சக்கரம் ஓசையின்றி அமர்ந்தது. இருளிலும் மழையிலும் முறிந்த பெட்டிகளின் நடுவே நின்று என் தகப்பனார் பார்த்த வேலை எத்தகையது என்பது எனக்கு அப்போது புலனாயிற்று.

அன்பர்களே, ஓடாத யந்திரம் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், எறிவதற்கு முன் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். அதைத் திறக்கும்போது வீட்டுப் பெரியவர்களையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஞாயிறுதோறும் குழந்தைகள் கேட்க, அம்மா சொல்ல, நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அப்பாவோடு அந்த ரயிலில் சென்றவர்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்கிறார். இதுவரை பதினொரு பெயர்கள் சேர்ந்துள்ளன.