டி.சி. கேட்டு வந்த பையன்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் போன் ஓயவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் மே மாதம் வந்தால் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்துவிடுகிறது. கேள்வியும் ஒன்றேதான். "டீச்சர், பிளஸ் ஒன் சேக்கவா, பாலிடெக்னிக் சேக்கவா?" மதினி மகள் கேட்கிறாள், பழைய மாணவர்கள் கேட்கிறார்கள், பால் ஊற்றுகிற தம்பியும் கேட்கிறார்.

முன்பெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வேன். "நல்லாப் படிக்கிற பிள்ளையா? ஸ்கூல்லயே இருக்கட்டும்." அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன், இப்போது ஏன் சொல்வதில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

என் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் அண்ணன் 1977இல் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். அந்தக் காலத்தில் அதற்குப் பிறகு படிக்க வேண்டுமென்றால் பி.யூ.சி. அதற்குக் காலேஜுக்குத்தான் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு காலேஜ் போனது எங்கள் தெருவுக்கே பெருமை. "நானும் போவேன்" என்று சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டே, "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்ப முடியுமா?" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது முடிவான பேச்சு.

அடுத்த வருஷமே நிலைமை மாறியது. 1978இல் தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகள் காலேஜுக்குப் போக வேண்டாம், பள்ளிக்கூடத்திலேயே இரண்டு வருஷம் படிக்கட்டும் என்று அரசு முடிவு செய்தது. எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. ஆந்திராவில் ஜூனியர் காலேஜ் வைத்தார்கள். கர்நாடகாவில் இன்றைக்கும் பி.யூ. காலேஜ்தான். கேரளாவில் 2000 வாக்கில்தான் பிரீ டிகிரியைக் காலேஜிலிருந்து முழுவதுமாக எடுத்தார்கள். அதே வயதுப் பிள்ளை அங்கே காலேஜ் மாணவி, இங்கே பள்ளி மாணவி.

எனக்கு அது வாழ்க்கையையே மாற்றியது. நான் படித்த பெண்கள் பள்ளியிலேயே பிளஸ் ஒன் ஆரம்பித்தார்கள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், தெரிந்த டீச்சர்கள், அதே யூனிஃபார்ம். அப்பாவால் மறுக்க முடியவில்லை. நாங்கள்தான் பிளஸ் டூ முதல் செட். 1980இல் பரீட்சை எழுதினோம். அந்த இரண்டு வருஷத்தில் அப்பாவின் மனசும் இளகிவிட்டது. பி.எஸ்சி., பி.எட். என்று நான் டீச்சரானது அந்தப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்ததால்தான்.

எனக்கு நல்லது செய்தது எல்லோருக்கும் நல்லது செய்யும் என்று நான் நினைத்துவிட்டேன்.

இனி அந்தப் பையனின் கதை. பெயர் சொல்லவில்லை. எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேண்டாம்" என்றான்.

1999ஆம் வருஷம். விருதுநகர் மாவட்டத்தில் நான் வேலை பார்த்த பள்ளியை அதற்கு முந்தின வருஷம்தான் மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தியிருந்தார்கள். பையன் பத்தாம் வகுப்பில் 431 மார்க். கணக்கில் 96. அப்பா கைத்தறி நெய்பவர். பள்ளி விட்டதும் பையன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒரு கடையில் போய் உட்கார்ந்துவிடுவான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியைச் சுற்று எண்ணி எண்ணிக் கட்டுவான். வகுப்பில் நான் கணக்கு நடத்தும்போதுகூட அவன் விரல் எதையோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு டி.சி. வாங்க வந்தான். அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ, எலக்ட்ரிக்கல் படிக்க வேண்டும் என்றான். நான் விடவில்லை. "431 எடுத்தவன் யாராவது பாலிடெக்னிக் போவானா? ஃபர்ஸ்ட் குரூப் எடு, இன்ஜினியராவே ஆகலாம்" என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "டீச்சர் சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு? நீங்க பாத்துச் செய்யுங்க" என்றார்.

இதில் இன்னொரு உண்மையும் உண்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஃபர்ஸ்ட் குரூப்பில் போதுமான பிள்ளைகள் சேரவில்லை. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் போய்விடும் என்று தலைமையாசிரியர் கவலையில் இருந்தார். "நல்ல மார்க் எடுத்தவங்கள விட்டுராதீங்க டீச்சர்" என்று எங்களிடம் சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றப் பார்த்தார். ஆனால் அன்றைக்கு அந்த அப்பாவிடம் நான் பேசியதில் பையனின் நன்மை எவ்வளவு, பள்ளிக்கூடத்தின் தேவை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் என்னால் முடியவில்லை.

பையன் சேர்ந்தான். இயற்பியலுக்குப் பல மாதம் ஆசிரியரே இல்லை. டியூஷன் வைக்க வீட்டில் வசதியில்லை. 2001இல் பிளஸ் டூ பாஸ் செய்தான், ஆனால் மார்க் சுமார்தான். அப்போது இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வும் உண்டு. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரிக்குப் பணம் இல்லை. கடைசியில் எந்த டிப்ளமோ வேண்டாம் என்று நான் தடுத்தேனோ, அதே டிப்ளமோவில் முதல் வருஷத்திலிருந்து சேர்ந்தான். கூடப் படித்தவர்கள் எல்லாம் இரண்டு வயது சின்னவர்கள்.

எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. டிப்ளமோ முடித்தான், கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் சேர்ந்தான், இப்போது சூப்பர்வைசர். நன்றாகத்தானே இருக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

2023இல் என் பணி நிறைவு விழாவுக்கு வந்திருந்தான். சால்வை போட்டான். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது, கோபமே இல்லாமல், பேச்சோடு பேச்சாகச் சொன்னான். "நான் 99லயே பாலிடெக்னிக் போயிருந்தா 2002ல சம்பாதிச்சிருப்பேன் டீச்சர். தங்கச்சி 2001ல பத்தாவது முடிச்சா. அப்பத்தான் எனக்கு பாலிடெக்னிக் ஃபீஸ், பஸ் பாஸ், புத்தகம். ரெண்டு பேரையும் படிக்க வைக்க அப்பாவால முடியல. அவள மில்லுக்கு அனுப்பிட்டாங்க. அவ என்னைவிட நல்லாப் படிப்பா டீச்சர்."

அந்தத் தங்கையும் என் மாணவிதான். மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். பிளஸ் ஒன் சேர வராதபோது, "வீட்ல கஷ்டம்போல" என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்தக் கஷ்டத்தில் எனக்கும் பங்கு இருந்தது என்று தெரிய எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆனது.

இந்த மே மாதம் ஒரு போன் வந்தது. அதே தங்கை. "டீச்சர், என் மக பத்தாவது முடிச்சிருக்கா. அண்ணன் உங்ககிட்டக் கேக்கச் சொன்னான்." எனக்குக் கை நடுங்கியது. அவர்களுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. "போன்ல வேண்டாம்மா, பாப்பாவக் கூட்டிட்டு வீட்டுக்கு வா" என்றேன்.

பிள்ளை அரசுப் பள்ளி, 418 மார்க். டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்கிறாள். பழைய ரேடியோ, செல்போன் எதையும் பிரிக்காமல் விடுவதில்லையாம். அம்மா பிளஸ் ஒன் என்கிறாள். ஏன் என்று கேட்டேன். "நான்தான் பிளஸ் டூ படிக்கல. அவளாவது படிக்கட்டும் டீச்சர்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. எனக்கு என்னையே பார்த்த மாதிரி இருந்தது. எனக்குக் கிடைத்ததை நான் எல்லோருக்கும் கொடுக்கப் பார்த்தேன். அவளோ தனக்குக் கிடைக்காததை மகளுக்குக் கொடுக்கப் பார்க்கிறாள். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது இரண்டிலுமே இல்லை.

கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தோம். உங்களுக்கும் உதவும் என்று இங்கே தருகிறேன்.

முதலில் வருஷக் கணக்கு. பிளஸ் டூ 2, பி.இ. 4, ஆக 6. டிப்ளமோ 3. அதை முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், இன்னும் 3. அதுவும் 6தான். ஒரே வித்தியாசம், மூன்றாவது வருஷ முடிவில் வீட்டு நிலைமை சரியில்லை என்றால் டிப்ளமோக்காரர் கையில் ஒரு சான்றிதழோடு வேலைக்குப் போகலாம். தேவையென்றால் பிறகு படிக்கலாம். அந்த மூன்றாவது வருஷம்தான் 2002இல் ஒரு வீட்டைக் காப்பாற்றியிருக்கும்.

இரண்டாவது, எந்தக் கதவு மூடும் என்ற கணக்கு. டாக்டர், நர்சிங், வேளாண்மை என்று மனசில் இருந்தால் பிளஸ் டூ கட்டாயம். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பி.காம்., வக்கீல் படிப்பு என்று ஆசை இருந்தாலும் பள்ளிதான் நேர் வழி. என்ன படிக்க ஆசை என்றே தெரியாத பிள்ளைக்கும் பள்ளிதான் நல்லது. இன்னும் இரண்டு வருஷம் யோசிக்க நேரம் கிடைக்கும்.

மூன்றாவது, சலுகைக் கணக்கு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனால் இதை விட்டுவிட வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை, நன்றாக யோசியுங்கள். மறுபக்கம், அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளை டிப்ளமோவில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

நான்காவது, யாரும் சொல்லாத கணக்கு. பாலிடெக்னிக் என்றால் சுலபம் என்று நினைக்காதீர்கள். முதல் வருஷமே கணக்கு கடினம். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். செமஸ்டர் முறை என்பதால் ஒரு பேப்பர் போனால் அரியர். பள்ளியில் பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் நாங்கள் வீட்டுக்கு ஆள் விடுவோம். அங்கே அப்படித் தேட மாட்டார்கள். நண்பன் சேர்ந்தான் என்பதற்காகப் போய், இரண்டாவது செமஸ்டரில் நின்றுவிட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். கையால் வேலை செய்து சீக்கிரம் தொழில் பழக வேண்டும் என்றால் ஐ.டி.ஐ.யும் இருக்கிறது, அதையும் கேவலமாகப் பார்க்காதீர்கள்.

எழுதி முடித்ததும், "முடிவு நான் சொல்ல மாட்டேன். மூணு பேரும் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றேன். அரசு பாலிடெக்னிக்குக்குப் போனோம். லேபில் இரண்டு பெண் பிள்ளைகள் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா அங்கேயே நின்றுவிட்டாள், நாங்கள் கூப்பிட்டும் வரவில்லை. அவள் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பத்தொன்பது வருஷம் மில்லில் மெஷின் முன்னால் நின்றவள். வெளியே வந்து, "உக்காந்து பாக்குற வேலையா டீச்சர் இது?" என்று கேட்டாள். "உக்காந்தும் பாக்கலாம், நின்னும் பாக்கலாம்மா" என்றேன்.

பிளஸ் ஒன்னுக்கும் பெயர் கொடுத்து வைத்தோம், பாலிடெக்னிக்குக்கும் விண்ணப்பம் போட்டோம். ஒன்றில் இடம் உறுதியாகும் முன் இன்னொன்றை விடாதீர்கள், இது முக்கியம். போன வாரம் இடம் கிடைத்துவிட்டது. டி.சி. வாங்க நானும் கூடப் போனேன். அங்கிருந்த இளம் டீச்சர் ஒருவர், "418 எடுத்துட்டு பாலிடெக்னிக்கா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொன்னேன்.

இந்த முடிவு சரியா தப்பா என்று இன்னும் மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும். 7.5 சதவீதத்தை விட்டுவிட்டோமே என்று ராத்திரி எனக்கே ஒரு யோசனை வராமல் இல்லை. ஆனால் இந்த முறை முடிவு எடுத்தது அந்தப் பிள்ளை. செலவுக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மாமாவும் இருக்கிறான்.

இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு அப்பா உங்களைக் கும்பிட்டு, "நீங்க பாத்துச் செய்யுங்க" என்று சொன்னால், உடனே பதில் சொல்லாதீர்கள். பக்கத்தில் தலை குனிந்து நிற்கிற பிள்ளையிடம் முதலில் கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே சேர்ந்திருக்கிறார்கள், எழுதுங்கள். பள்ளியோ, பாலிடெக்னிக்கோ, ஐ.டி.ஐ.யோ, எல்லோருக்கும் இந்த டீச்சரின் ஆசீர்வாதம்.