வைகை முடியும் இடத்தில் தூண்டில்

மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டை வழியே போகும் தேனி சாலைக்குப் பல வருஷம் 49 என்று எண். கொச்சியில் புறப்பட்டு, மூணாறு ஏறி, போடிமெட்டில் இறங்கி, உசிலம்பட்டி, மதுரை, ராமநாதபுரம் என்று ஓடி, தனுஷ்கோடியில் முடிந்த நெடுஞ்சாலை அது. இப்போது எண்களை மாற்றிவிட்டார்கள். ஊர் வாசலில் ஓடுவது 85. திருப்புவனத்தில் பிரிந்து கடலுக்குப் போவது 87. அனந்தகுண பாண்டியன் அம்பெய்த பாம்புதான் மலையாகக் கிடக்கிறது என்று திருவிளையாடல் சொல்லும் நாகமலையின் அடிவாரத்தில் குடியிருப்பவருக்கு, அந்த ஒரே ரோட்டின் இரு முனையிலும் கடல் இருந்தது என்பது சட்டென்று நினைவுக்கு வராது.

மலைக்கு வடக்கே வைகை. 258 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு நேராகக் கடலில் விழுவதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குள் போய்விடுகிறது. அது நிரம்பி மிஞ்சினால்தான் உச்சிப்புளிக்கு அருகே ஆற்றங்கரை என்ற ஊரில் பாக் நீரிணையைத் தொடும். மதுரைக்காரர் உப்புத்தண்ணீரில் தூண்டில் போட ஆசைப்பட்டால், ராமேஸ்வரம் வரை போகாமல் இங்கேயே வண்டியை இடதுபக்கம் திருப்பிவிடலாம். சொந்த ஆறு, சொந்த மீன் என்ற உரிமையாவது இருக்கும்.

அப்படித்தான் ஒரு மாசி மாதத்தில் தாய்மாமனும் மருமகனுமாக இருவர் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பினார்கள். மாமா கண்மாய் ஆள். மூங்கில் கம்பு, தக்கை, மண்புழு. கெண்டைக்கும் கெளுத்திக்கும் அது போதும். விராலுக்கு மட்டும் தவளையைக் கோத்துத் தாமரை இலை ஓரமாகத் தட்டித் தட்டிப் போடுவார். மருமகன் வீடியோ பார்த்துக் கற்றவன். ஏழடி ஸ்பின்னிங் ராடு, கைக்குள் அடங்கும் ரீல், தைக்கிற நூலைவிடச் சற்றே தடித்த பிரெய்டு நரம்பு. மானாமதுரையில் டீ குடிக்க நிறுத்தியபோது மாமா அந்த ராடை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, கோழி விரட்டுற குச்சி மாதிரி இருக்கு. கடல்ல இருக்கிறது கெண்டைன்னு நெனச்சியா?”

“ஒடியாது மாமா. வளையும். வளையிறதுலதான் இருக்கு விஷயம்.”

அவன் சொன்னது சரி. மெல்லிய தூண்டிலின் நுட்பம் பலத்தில் இல்லை, விட்டுக் கொடுப்பதில் இருக்கிறது. ரீலுக்குள் டிராக் என்று ஓர் அழுத்தத் தட்டு உண்டு. ஏழு கிலோ இழுத்தால் அறுந்துபோகும் நரம்பென்றால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு, சுமார் இரண்டு கிலோவுக்கு, அந்தத் தட்டைத் திருகி வைப்பார்கள். அதற்கு மேல் மீன் இழுத்தால் ரீல் தானாக நரம்பை விடும். மீன் ஓடும், களைக்கும், திரும்பும், அப்போது சுற்றலாம். அதிர்ச்சியை எல்லாம் ராடு வளைந்து வாங்கிக்கொள்ளும்.

இதை ஒரு பந்தயமாகவே மாற்றியவர்கள் அமெரிக்கர்கள். கலிபோர்னியாவை ஒட்டிய கேட்டலினா தீவில் 1898-இல் சூரைமீன் பிடிப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, எவ்வளவு மெல்லிய நரம்பில் எவ்வளவு பெரிய மீன் என்று கணக்குப் பார்த்தார்கள். 1939-இல் உருவான சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 2 கிலோ, 4 கிலோ, 6 கிலோ என்று நரம்பின் தாங்குதிறனுக்கு ஏற்ப வகுப்புகள் பிரித்துச் சாதனைகளைப் பதிகிறது. மீனோடு மல்லுக்கட்டும்போது இன்னொருவர் கை ராடில் பட்டால்கூடப் பதிவு செல்லாது. நம் பக்கத்திலும் இது புதிதல்ல. சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி 1873-இலேயே ஒரு புத்தகம் போட்டார். 1887-இல் கண்மாய், குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக இன்னொன்று. மாமாவின் கட்சிக்கும் ஆங்கிலேய ஆதரவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பரமக்குடி தாண்டி, ராமநாதபுரம் தாண்டி, விடிவதற்குள் ஆற்றங்கரை. பக்கத்து ஊர் அழகன்குளம். 1986 முதல் தொல்லியல் துறை பலமுறை தோண்டிய இடம்; ரோமானியக் காசுகளும் மேலைநாட்டு மதுச்சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. மதுரையில் முத்தும் துணியும் வாங்க வந்த கப்பல்காரர்கள் கால் வைத்த துறைகளில் இதுவும் ஒன்று என்று கருதுகிறார்கள். இப்போது அதே ஆற்று முகத்தில் ஃபைபர் வள்ளங்கள் நிற்கின்றன.

படகுக்காரர் முதலில் கேட்டது அடையாள அட்டையை. எல்லைக் கடல், 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கரையோரம் முழுக்கக் கெடுபிடி. பிறகு லைஃப் ஜாக்கெட்டைப் போடச் சொன்னார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. “எனக்கு நீச்சல் தெரியும்ணே” என்றார். “கெணத்துல தெரியும்” என்று படகுக்காரர் முடித்துவிட்டார்.

ஏன் பாக் நீரிணைப் பக்கம், ஏன் பாம்பனுக்குத் தெற்கே போகவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள். தெற்கே மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலும் போடக் கூடாது. போடாமல் இருப்பதே நல்லது. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. இரண்டாவது காரணம் ஆழம். பாக் நீரிணை பல இடங்களில் பத்து மீட்டர் அளவுதான். அடியில் கடற்புல் மேடுகள். கனமான ஈயம் தேவையில்லை, ஆகவே கனமான ராடும் தேவையில்லை. ராமேஸ்வரத்தார் இதைப் பெண் கடல் என்றும், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வது அலையின் சுபாவத்தை வைத்து. ஆனால் ஐப்பசியில் தொடங்கி வாடைக்காற்று அடங்கும் வரை இந்தப் பெண் கடலும் சீறத்தான் செய்யும். மாசியில் தணிந்துவிடும்.

முகத்துவாரத்துக்கு வெளியே எஞ்சினை நிறுத்திப் படகைக் காற்றோடு போக விட்டார் படகுக்காரர். நங்கூரம் போடவில்லை. “புல்லு வேரோட வந்துரும். அப்புறம் மீன் எங்கிட்டு மேயும்?” என்றார். மருமகன் வெள்ளி நிறப் பொய்மீனை வீசிச் சுற்றத் தொடங்கினான். மடவைகள் துள்ளின; அவை பாசி தின்பவை, பொய்மீனைத் திரும்பியும் பார்க்காது. அடுத்து ஓர் ஊளி வந்து நரம்பைப் பல்லால் அறுத்துக்கொண்டு போனது. கம்பி முடிச்சுப் போட்ட பிறகு இரண்டு சின்னப் பாறை மீன்கள். கையளவு பாறை அந்த ராடைக் கொக்கிபோல வளைத்ததைப் பார்த்த மாமா, “இம்புட்டுக் காணுறதுக்கா இந்த ஆட்டம்!” என்று வியந்தார். அந்தமானில் பெரும்பாறை மீனைப் பிடிக்க வெளிநாட்டார் லட்சக்கணக்கில் செலவு செய்து வருகிறார்கள். அங்கே கயிறு போன்ற நரம்பு வேண்டும். இந்த ஆழமற்ற கடலில் கையளவு மீனே அதே சந்தோஷத்தைத் தந்துவிடுகிறது என்பதுதான் மெல்லிய தூண்டிலுக்கு ஆதரவான ஆகச் சிறந்த வாதம்.

இதற்கிடையில் படகுக்காரர் பேசாமல் தன் கைத்தூண்டிலை இறக்கியிருந்தார். ராடு இல்லை, ரீல் இல்லை. தங்கூஸ் நரம்பை ஆள்காட்டி விரலில் தொங்கவிட்டு, கடிக்கும்போது ஒரு சுண்டு. கிழங்கான் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டிராக் செய்யும் வேலையை அவர் விரல் செய்தது. மாமா ராடைத் தொடவே இல்லை. படகுக்காரர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து இன்னொரு கைத்தூண்டிலை வாங்கிக்கொண்டார்.

வெயில் ஏறும் நேரத்தில் ஆற்றின் வாயோரம் மருமகனுக்குக் கொடுவா சிக்கியது. ஓடியது, மேலே எழும்பித் தலையை உதறியது, படகுக்கு அடியில் புகுந்தது. டிராக்கைத் தளர்த்தி, ராடை நீருக்குள் நுழைத்து, படகின் மூக்கைச் சுற்றி அதைக் கொண்டுவர வெகுநேரம் ஆயிற்று. கொடுவா ஆணாகவே முதிர்ந்து, சில கிலோ எடை கூடிய பிறகு பெண்ணாக மாறும் மீன். நல்ல தண்ணீரில் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்துக்கு வரும். ஆகவே பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டைக்காரி. பிடித்ததை விட்டுவிடுவதே முறை என்று மருமகன் படித்திருந்தான்.

அதைப் படகுக்காரரிடம் சொல்வதுதான் சங்கடம். கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகள் வலை இழுக்கக் கூடாது, அது நாட்டுப்படகுக்காரர்களின் இடம் என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடல் அவருடைய சோறு. ஊரிலிருந்து வந்தவன் பொழுதுபோக்குக்காகப் பிடித்து, கொள்கைக்காக விடுவதில் கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்கிறது. கடைசியில் பேரம் நடந்தது. கொடுவாவை எடை போடாமலே விடுவது. அதன் விலைக்கு ஈடாகப் படகு வாடகையோடு ஒரு தொகை சேர்த்துக் கொடுப்பது. பாறை இரண்டும் படகுக்காரருக்கு.

“விட்டுட்டா அடுத்த வருசம் வந்து புடிக்கலாம்ல” என்றான் மருமகன்.

“நீங்க வர்றதுக்குள்ள நான் புடிச்சிருவேன் தம்பி” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

மாமா அவரிடமிருந்து கிழங்கானைக் காசு கொடுத்து வாங்கினார். மஞ்சள் தடவி, முள் எடுக்காமல், மல்லிக்குப் பதில் மிளகு தூக்கலாக அரைத்துக் குழம்பு வைக்க வேண்டும் என்று படகுக்காரர் விளக்கிக்கொண்டிருக்க, மருமகன் ரீலைக் கழற்றி, வாங்கி வந்த பாட்டில் தண்ணீரில் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தான்.