ஒழுங்கைக்கு வழி விடுவோம்

மருதமுனையில் பஸ் ஏறித் தெற்கே வந்தால் பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஊர்கள் ஒட்டி ஒட்டியே வரும். பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் ஊர் மாறியது தெரியும். கிழக்கே கடல், மேற்கே வயல். ஊர் பெருக இடமில்லை.

எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். உம்மாவின் வளவு எனக்கும் தங்கச்சிக்கும் இரண்டானது. முன்பு வேலிக் கடப்பால் அடுத்த வளவுக்குப் போவோம். யுத்த காலத்தில் இரவில் யாரும் வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் கடப்புகளை நாங்களே அடைத்தோம். பிறகு மதில் வந்தது. இரண்டு பக்கமும் திறந்திருந்த ஒழுங்கை ஒரு பக்கம் மூடியது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒவ்வொருவரும் மகளுக்காக ஒரு முழம் தள்ளிக் கட்டினோம்.

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது மேற்கே ஓடினோம். ஒழுங்கை மதிலில் முடிந்தது. தங்கச்சியையும் கைப்பிள்ளையையும் யாரோ மதிலுக்கு மேலால் தூக்கி எடுத்தார்கள். உம்மாவைத் தூக்க நேரம் இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்று 10,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அதன்பின் கரையோரத்தில் வீடு கட்டக்கூடாது என்றார்கள். முதலில் 200 மீற்றர், பிறகு 65 மீற்றர். மருதமுனையில் அந்த அளவின் பெயரிலேயே ஒரு வீட்டுத்திட்டம் இருக்கிறது. சாய்ந்தமருதில் வயல் பக்கம் பொலிவேரியன் கிராமம் எழுந்தது. ஊர் மேற்கே நகர்ந்தது. வயலை நிரப்பினால் மாரித் தண்ணீர் நிற்க இடம் குறைகிறது. உள்ளே போக ஒரே பாதை என்றால், அதில் தண்ணீர் நின்றதும் சுற்றிப்போக வழியில்லை. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தூரம் கூடினால் முதலில் வீட்டோடு முடங்குவது பெண்கள்தான்.

சென்ற வருடம் இளைய மகளுக்கு வளவு பிரித்தோம். பின்பக்கம் எட்டடி வழி விட வேண்டும் என்றேன்.

“எட்டடி விட்டால் புள்ளைக்கு ஒரு அறை குறையுமே” என்றார் வீட்டுக்காரர்.

“உம்மா நின்ற இடத்தில் நின்று சொல்லுங்க” என்றேன். அவர் பேசவில்லை.

பின்வளவு ராத்தாவிடமும் போனேன். மதிலை உடைத்து, பூட்டில்லாத படலை ஒன்று வைக்கச் சம்மதித்தா. இப்போது நாலு வீட்டுப் பிள்ளைகள் அதனால்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

சகோதரிகளே, வளவு பிரிக்கும்போது வழியையும் உறுதியில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்காது.